மாறாத நீளம்

பிரான்சின் தென்எல்லையில், பிரனீஸ் மலைத்தொடரில் பிக் டு மிடி என்றொரு சிகரம் இருக்கிறது. உயரம் 2,800 மீட்டருக்கு மேல். 1946இல் இத்தாலிய இயற்பியலாளர் ஜியூசெப்பே ஒக்கியாலினி அங்கே சில கண்ணாடித் தகடுகளைக் கொண்டுபோய் வைத்தார். தகடுகளின் மேல் வெள்ளி உப்புகள் செறிந்த எமல்ஷன் பூசப்பட்டிருந்தது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்த் துகள் ஒன்று அந்தப் பூச்சுக்குள் புகுந்தால், அது போன வழியெங்கும் நுண்ணிய வெள்ளி மணிகள் கறுத்து நிற்கும். தகட்டைக் கழுவி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், துகளின் பாதை புள்ளிக்கோடாகத் தெரியும்.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் செசில் பவல் குழு இந்தத் தகடுகளை ஆராய்ந்தது. நுண்ணோக்கியின் முன் நாள் முழுவதும் உட்கார்ந்து தடம் தேடும் வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்தார்கள். 1947இன் தொடக்கத்தில் அவர்களில் ஒருவரான மரியெட்டா குர்ஸ் கண்ணில் ஒரு புதுமையான தடம் பட்டது. ஒரு துகள் வருகிறது. வர வரப் புள்ளிகள் நெருங்குகின்றன, பாதை தடுமாறுகிறது. வேகம் குறைகிறது என்பதற்கு இவையே அடையாளங்கள். பிறகு அது நின்றே விடுகிறது. நின்ற அதே புள்ளியிலிருந்து இன்னொரு துகள் வேறு திசையில் கிளம்பிப் போகிறது. வந்து நின்றதை இன்று பையான் என்கிறோம். கிளம்பிப் போனது மியூவான்.

அதே ஆண்டில் பிரேசில் இளைஞர் சேசர் லாத்தஸ், பொலிவியாவில் 5,000 மீட்டருக்கும் மேலே உள்ள சக்கல்தாயா மலைக்குத் தகடுகளை எடுத்துச் சென்றார். உயரம் கூடக்கூடக் காஸ்மிக் கதிர்கள் செறிவாகக் கிடைக்கும். இதே மாதிரியான இரட்டைத் தடங்கள் இன்னும் பல அகப்பட்டன. சிலவற்றில் மியூவான் எமல்ஷன் பூச்சைத் தாண்டி வெளியேறிவிட்டது. பூச்சுக்குள்ளேயே ஓடி ஓய்ந்த மியூவான்களின் தடங்களை மட்டும் பிரித்தெடுத்து அளந்தார்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர். திசை தடத்துக்குத் தடம் வேறுபட்டது, நீளம் மாறவில்லை.

பவலுக்கு 1950இல் நோபல் பரிசு கிடைத்தது. பையானைக் கண்டறிந்த கதை பல முறை சொல்லப்பட்டுவிட்டது. எனக்கு அந்தக் கதையைவிட அந்த மாறாத நீளமே பெரிதாகப் படுகிறது. தகட்டில் எந்தத் தடமும் விடாமல் தப்பிப் போன ஒரு துகளை அது காட்டிக்கொடுத்தது. தப்பியது ஒன்றே ஒன்றுதான், இரண்டில்லை என்று எண்ணியும் சொன்னது. அந்த 0.6 மில்லிமீட்டருக்குள் ஒளிந்திருக்கும் ஓர் எண், இன்று ஜப்பானிலும் அமெரிக்காவிலும் சுவிட்சர்லாந்திலும் பெரும் ஆய்வுக்கூடங்களின் வடிவத்தையே தீர்மானிக்கிறது.

இந்த இடத்தில் ஒரு பெயரைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. பிரிஸ்டல் குழுவுக்குச் சில ஆண்டுகள் முன்பே, கல்கத்தாவின் போஸ் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த விபா சௌத்ரி, தன் ஆசிரியர் தேவேந்திர மோகன் போஸுடன் சேர்ந்து டார்ஜிலிங் மலைப்பகுதியில் ஒளிப்படத் தகடுகளை வைத்து இதே முறையில், அன்று மீசான்கள் எனப்பட்ட இவ்வகைத் துகள்களைத் தேடினார். அவர்களுடைய கட்டுரைகள் நேச்சர் இதழில் வெளிவந்தன. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நுண்ணுணர்வு மிக்க தகடுகள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை; கிடைத்த தகடுகளில் நிறையைத் துல்லியமாக அளக்க முடியவில்லை. முறை சரியாக இருந்தது, பொருள்தான் எட்டவில்லை.

இப்போது நீளத்துக்கு வருவோம்.

பையான் நின்றுவிட்டது. நின்ற பொருளுக்கு உந்தம் சுழி. சிதைந்த பிறகும் மொத்த உந்தம் சுழியாகவே இருக்க வேண்டும் என்பது உந்த மாறா விதி. ஆனால் தகட்டில் தெரிவதோ ஒரு பக்கமாக ஓடும் ஒரே ஒரு மியூவான். படகிலிருந்து ஒருவர் கரைக்குக் குதித்தால் படகு பின்னால் போகும். குதித்தவரை மட்டும் பார்த்தாலும், பின்னால் ஏதோ நகர்ந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிடலாம். அப்படியே இங்கும் மியூவானுக்கு நேர் எதிர்த்திசையில் ஏதோ போயிருக்கிறது. எமல்ஷனில் தடம் பதிக்க மின்னூட்டம் வேண்டும். எனவே போனது மின்னூட்டம் இல்லாத ஒன்று.

போனது ஒன்றா, பலவா? இதற்குத்தான் நீளம் பதில் சொல்கிறது. ஒன்றே ஒன்று போயிருந்தால், அதன் உந்தமும் மியூவானின் உந்தமும் அளவில் சமமாகவும் திசையில் எதிராகவும் இருந்தாக வேண்டும். கூடவே இரண்டின் ஆற்றலையும் கூட்டினால் பையானின் ஆற்றல் வர வேண்டும். கண்டறிய வேண்டிய அளவு ஒன்று, அதைக் கட்டுப்படுத்தும் சமன்பாடும் ஒன்று; ஆகவே விடையும் ஒன்றுதான். ஒவ்வொரு பையானும் சிதையும்போது மியூவானுக்கு அதே வேகம்தான் கிடைக்கும், எமல்ஷனில் அது அதே தூரம்தான் ஓடும். இரண்டு துகள்கள் மறைவாகப் போயிருந்தால் நிலைமை தலைகீழாக மாறிவிடும். அவை ஒரே பக்கமாகப் போனால் மியூவானுக்கு நிறைய உந்தம் கிடைக்கும். எதிரெதிராகப் போனால் மியூவான் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்கும். இந்த இரு எல்லைகளுக்கும் இடையே எந்த மதிப்பும் வரலாம். தடங்கள் குட்டையும் நெட்டையுமாகக் கலந்து கிடைத்திருக்கும்.

நீளம் ஒன்றே என்பதால் மறைந்ததும் ஒன்றே.

இனி அந்த எண்ணைக் கணக்கிடுவோம். துகள் இயற்பியலில் நிறை, ஆற்றல், உந்தம் மூன்றையும் ஒரே அலகில் சொல்வது வழக்கம். ஒளியின் வேகத்தை 1 என்று வைத்துக்கொண்டால் போதும், மூன்றுக்கும் மெகா எலக்ட்ரான் வோல்ட் என்ற அலகு பொருந்திவிடும். சுருக்கமாக எம்.இ.வி. மின்னூட்டமுள்ள பையானின் நிறை 139.57 எம்.இ.வி. மியூவானின் நிறை 105.66 எம்.இ.வி. மறைந்து போன துகளை இன்று நியூட்ரினோ என்கிறோம்; அதன் நிறை இந்தக் கணக்கில் பொருட்படுத்த வேண்டாத அளவுக்குச் சிறியது.

சார்பியல் இந்த மூன்று அளவுகளையும் பிதாகரஸ் தேற்றத்தின் வடிவத்தில் பிணைக்கிறது: ஆற்றலின் வர்க்கம், உந்தத்தின் வர்க்கத்தையும் நிறையின் வர்க்கத்தையும் கூட்டினால் கிடைப்பது. நியூட்டனின் சூத்திரங்கள் இங்கே உதவா. நிறையை வேகத்தால் பெருக்குவதுதான் உந்தம் என்றால் நிறையில்லாத துகளுக்கு உந்தமே கிடையாது, கணக்கு தொடங்கும் முன்பே நின்றுவிடும். சார்பியலில் நிறையைச் சுழியாக்கினால் ஆற்றலும் உந்தமும் சமம் என்று வருகிறது. நியூட்ரினோவின் உந்தம் எவ்வளவோ, அதன் ஆற்றலும் அவ்வளவு.

நியூட்ரினோ எடுத்துக்கொண்டதுபோக மீதமுள்ள ஆற்றல் மியூவானுடையது. மியூவானின் உந்தமோ நியூட்ரினோவின் உந்தத்துக்குச் சமம். இந்த இரண்டையும் மேலே சொன்ன பிதாகரஸ் வடிவத்தில் இட்டு விரித்தால், உந்தத்தின் வர்க்கம் இருபுறமும் அடிபட்டுப் போய் எளிய விடை ஒன்று கிடைக்கிறது: பையான் நிறையின் வர்க்கத்திலிருந்து மியூவான் நிறையின் வர்க்கத்தைக் கழியுங்கள், வந்ததைப் பையான் நிறையின் இருமடங்கால் வகுங்கள். அதுவே உந்தம்.

எண்களைப் போட்டால் 29.79 எம்.இ.வி. வரும்.

இதுதான் நான் சொன்ன எண். 29.8 என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். நியூட்ரினோவின் ஆற்றல் 29.79. மியூவானின் மொத்த ஆற்றல் 109.78, அதில் அதன் நிறை போக, இயக்கத்துக்கென்று மிஞ்சுவது 4.12 எம்.இ.வி. மட்டுமே. அந்த 4.12 எம்.இ.வி.யைச் செலவழித்து எமல்ஷனில் ஒரு மியூவான் எவ்வளவு தூரம் ஓட முடியும்? ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர்.

பங்கீட்டைக் கவனியுங்கள். பையானின் நிறைக்கும் மியூவானின் நிறைக்கும் உள்ள வேறுபாடு 33.91. அதில் 29.79ஐ நியூட்ரினோ கொண்டுபோய்விட்டது. மியூவானுக்கு எட்டில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. உந்தத்தில் இருவருக்கும் சமபங்கு, ஆற்றலில் அப்படியில்லை. கனமான துகள் மெதுவாக நகர்ந்தே தன் உந்தத்தை ஈடுகட்டிவிடும். நிறையில்லாத துகளுக்கு அந்த வசதி கிடையாது, உந்தம் முழுவதற்கும் ஆற்றலைக் கொடுத்தாக வேண்டும்.

பள்ளியில் நிறை மாறா விதி என்று ஒன்று படித்திருப்போம். வேதிவினைகளில் அது பிசகாமல் நடப்பதுபோலத் தெரியும். இங்கே 139.57 இருந்த இடத்தில் 105.66 மட்டும் இருக்கிறது. மீதி எங்கே? 'நிறை ஆற்றலாக மாறிவிட்டது' என்பது வழக்கமான பதில். தவறில்லை, ஆனால் அரைகுறை. பையான் சிதைவது முழுக்க மூடிய ஒரு பெட்டிக்குள் நடப்பதாகக் கொள்வோம்; நியூட்ரினோகூட வெளியேற முடியாத பெட்டி. அதை எடை போட்டால் முன்பிருந்த எடையே இருக்கும். துகள்களின் தனித்தனி நிறைகளைக் கூட்டினால் வராத நிறை, அவற்றைச் சேர்த்து ஒரே தொகுதியாகப் பார்த்தால் வருகிறது. மொத்த ஆற்றலின் வர்க்கத்திலிருந்து மொத்த உந்தத்தின் வர்க்கத்தைக் கழித்தால் கிடைப்பது தொகுதியின் நிறையின் வர்க்கம். சிதைவுக்கு முன்னும் பின்னும் அது மாறாது. யார் எந்த வேகத்தில் போய்க்கொண்டே பார்த்தாலும் மாறாது.

மின்னூட்டமற்ற பையானிடம் இது இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. அதன் நிறை 134.98 எம்.இ.வி. பிறந்த கணத்திலேயே, ஒரு நொடியைக் கோடி கோடியாகப் பிரித்து அதில் ஒன்றை மேலும் நூறாகப் பிரித்தால் வரும் அளவையொட்டிய காலத்துக்குள், அது இரண்டு ஃபோட்டான்களாகச் சிதைகிறது. ஃபோட்டானுக்கு நிறையே கிடையாது. நிறையில்லாத இரண்டு துகள்கள் சேர்ந்து 134.98 நிறையைச் சுமக்கின்றன! ஒரே ஒரு ஃபோட்டானாகச் சிதைய முடியுமா? முடியாது. நின்ற பையானின் உந்தம் சுழி. ஒற்றை ஃபோட்டான் எந்தப் பக்கம் போனாலும் உந்தம் சுழியாகாது. குறைந்தது இரண்டு வேண்டும், அவை எதிரெதிராகப் போக வேண்டும், ஒவ்வொன்றுக்கும் சரிபாதியாக 67.5 எம்.இ.வி. 1950இல் பெர்க்லியில் ஸ்டைன்பெர்கர், பனோஃப்ஸ்கி, ஸ்டெல்லர் மூவரும் ஒரே நேரத்தில் வரும் ஃபோட்டான் இணைகளைப் பிடித்துத்தான் இந்தப் பையான் இருப்பதை உறுதிசெய்தார்கள். 2012இல் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் ஹிக்ஸ் துகளைக் கண்டறிந்த வழிகளில் ஒன்றும் இதுவே. இரண்டு ஃபோட்டான்களின் ஆற்றலையும் அவற்றுக்கு இடையிலான கோணத்தையும் அளந்து தொகுதியின் நிறையைக் கணக்கிட்டார்கள். சிதறலான பின்னணிக்கு மேலே 125 ஜி.இ.வி. அருகே ஒரு மேடு எழும்பி நின்றது. ஜி.இ.வி. என்பது ஆயிரம் எம்.இ.வி.

மறைந்துபோன ஒன்றின் மேல் பவல் குழுவினரின் காலத்தில் இயற்பியலாளர்களுக்கு இருந்த நம்பிக்கை சும்மா வந்ததில்லை. அதற்கு முன் முப்பது ஆண்டு அலைக்கழிப்பு ஒன்று நடந்திருந்தது.

1914இல் ஜேம்ஸ் சாட்விக் பெர்லினில் பீட்டா சிதைவை ஆராய்ந்தார். அணுக்கரு ஒன்று எலக்ட்ரானை உமிழ்ந்துவிட்டு வேறொரு கருவாக மாறுகிறது. முதல் கருவின் நிறை நிலையானது, மாறிய கருவின் நிறையும் நிலையானது. வெளியேறுவது எலக்ட்ரான் மட்டும் என்றால் அதன் ஆற்றல் ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே இருக்க வேண்டும். சாட்விக் கண்டது வேறு. எலக்ட்ரான்கள் சுழி முதல் ஓர் உச்சம் வரை எல்லா ஆற்றல்களிலும் பரவிக் கிடந்தன. வழியில் எங்கோ ஆற்றலை இழந்துவிடுகின்றன என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். 1927இல் கேம்பிரிட்ஜில் எல்லிஸும் வூஸ்டரும் அந்தச் சமாதானத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தார்கள். ரேடியம்-ஈ எனப்படும் பிஸ்மத் ஐசோடோப்பை ஒரு கலோரிமானிக்குள் அடைத்து அதிலிருந்து வரும் வெப்பத்தை அளந்தார்கள். வழியில் இழந்த ஆற்றலும் வெப்பமாகப் பிடிபட வேண்டும் அல்லவா? ஒரு சிதைவுக்கு 1.05 எம்.இ.வி. வந்திருக்க வேண்டும். வந்தது சுமார் 0.35 எம்.இ.வி. மூன்றில் இரண்டு பங்கு ஆற்றல் காணவில்லை.

நீல்ஸ் போர் ஒரு துணிச்சலான முடிவுக்குத் தயாரானார்: தனித்தனிச் சிதைவுகளில் ஆற்றல் மாறா விதி செல்லாமல் போகலாம், சராசரியில் மட்டும் அது சரியாக இருக்கலாம். போரின் மேதைமையில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனாலும் இந்தக் கருத்தில் பெரிய இடறல் இருந்தது. சார்பியலில் ஆற்றலும் உந்தமும் தனித்தனிப் பொருள்களில்லை. நின்றுகொண்டு பார்ப்பவருக்கு வெறும் ஆற்றலாகத் தெரிவது, ஓடிக்கொண்டே பார்ப்பவருக்கு ஆற்றலும் உந்தமும் கலந்ததாகத் தெரியும். ஒருவர் கணக்கில் ஆற்றல் குறைந்தால், இன்னொருவர் கணக்கில் உந்தமும் குறையும். எல்லாப் பார்வையாளர்களுக்கும் உந்தம் மாறாமல் இருக்க வேண்டுமானால் ஆற்றலும் மாறாமல் இருந்தே தீர வேண்டும். ஒன்றைக் கைவிட்டு இன்னொன்றைக் காப்பாற்ற வழியில்லை. எம்மி நோதர் 1918இல் நிறுவிய தேற்றமும் இதே திசையில் கைகாட்டியது. இயற்கையின் விதிகள் நேற்றும் இன்றும் ஒன்றே என்பதிலிருந்து ஆற்றல் மாறா விதியும், இங்கும் அங்கும் ஒன்றே என்பதிலிருந்து உந்த மாறா விதியும் பிறக்கின்றன.

வூல்ஃப்கேங் பவுலி வேறு வழியைத் தேர்ந்தார். 1930 டிசம்பர் 4 அன்று சூரிச்சிலிருந்து, டியூபிங்கன் நகரில் கூடவிருந்த கதிரியக்க ஆய்வாளர்களுக்கு அவர் எழுதிய கடிதம் புகழ்பெற்றது. எலக்ட்ரானோடு சேர்ந்து மின்னூட்டமற்ற, மிக இலேசான இன்னொரு துகளும் வெளியேறுகிறது, இரண்டும் ஆற்றலைப் பங்கிட்டுக்கொள்கின்றன என்பது அவர் யோசனை. பின்னாளில் நியூட்ரினோ என்று பெயர் பெற்ற அந்தத் துகளை 1956இல்தான் ரைன்ஸும் கோவனும் அமெரிக்காவின் சவானா ரிவர் அணுஉலை அருகே நேரடியாகப் பிடித்தார்கள். இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அதன் இருப்புக்கு வலுவான சான்று, கூட்டிப் பார்த்தால் சரியாக வராத ஒரு கணக்கு.

பீட்டா சிதைவில் பரவல் மூன்று துகள்களைக் காட்டியது. பையான் சிதைவில் மாறாத நீளம் இரண்டைக் காட்டியது. ஒரே விதியின் இரண்டு முகங்கள். மியூவானும் சிதையும். 1949இல் இன்னும் நுட்பமான எமல்ஷன்கள் வந்தபோது, அதன் தடத்தின் முனையிலிருந்து ஓர் எலக்ட்ரான் கிளம்புவதும் தெரிந்தது. அந்த எலக்ட்ரான்களின் ஆற்றல் சுழியிலிருந்து 52.8 எம்.இ.வி. வரை பரவிக் கிடந்தது. அப்படியானால் மறைந்து போனவை இரண்டு. ஒரே படத்தில் பையான், மியூவான், எலக்ட்ரான் என்று மூன்று தடங்களும் அடுத்தடுத்து வரும்போது, நடுத்தடம் மாறாமலும் கடைசித் தடம் மாறிக்கொண்டும் இருப்பதைக் காணலாம்.

இதுவரை பையான் நின்றுகொண்டிருந்தது. வளிமண்டலத்திலும் முடுக்கிகளிலும் பிறக்கும் பையான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கிப் பறந்துகொண்டே சிதைகின்றன. அப்போது நியூட்ரினோவின் ஆற்றல் 29.8ஆக இருக்காது. பையான் போகும் திசையிலேயே நியூட்ரினோ புறப்பட்டால் பையானின் ஆற்றலில் 43 சதவீதம் வரை அதற்குக் கிடைக்கும். நேர் பின்னோக்கிப் புறப்பட்டால் ஏறக்குறைய ஒன்றும் கிடைக்காது. அதனால் ஆற்றல் பரந்துவிடுகிறது. 1965இல் கோலார் தங்கவயலின் ஆழத்தில், தரைக்கு இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, டாடா அடிப்படை ஆய்வு நிறுவனமும் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து பிடித்த நியூட்ரினோக்கள் இத்தகைய வளிமண்டலச் சிதைவுகளில் பிறந்தவை. தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கம் வெட்டிய அந்தச் சுரங்கம், வளிமண்டல நியூட்ரினோக்களை உலகில் முதன்முதலாகப் பதிவுசெய்த இரண்டு இடங்களில் ஒன்று. மற்றொன்று தென்னாப்பிரிக்காவின் ஒரு தங்கச் சுரங்கம்.

பறக்கும் பையானிலும் ஓர் அளவு மட்டும் அசையாது. பையான் போகும் திசைக்குச் செங்குத்தான உந்தத்தைப் பையானின் வேகம் தொடுவதே இல்லை. நின்ற நிலையில் நியூட்ரினோவின் உந்தம் 29.8 எம்.இ.வி. என்பதால், எவ்வளவு வேகமாகப் பறக்கும் பையானிலிருந்து வந்தாலும் நியூட்ரினோவின் செங்குத்து உந்தம் 29.8ஐத் தாண்ட முடியாது.

ஜப்பானின் டி2கே சோதனை இந்த ஒரு வரியின் மேல்தான் நிற்கிறது. கிழக்குக் கரையில் டோக்காயில் உள்ள முடுக்கியில் பையான்களை உண்டாக்கி, அவை சிதைந்து தரும் நியூட்ரினோக்களை 295 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சூப்பர் காமியோகாண்டே என்ற நிலத்தடி நீர்த்தொட்டிக்கு அனுப்புகிறார்கள். ஒரு வகை நியூட்ரினோ வழியில் இன்னொரு வகையாக மாறுவதைப் பார்ப்பது நோக்கம். அந்தத் தொலைவுக்கு மிகப் பொருத்தமான ஆற்றல் சுமார் 600 எம்.இ.வி. ஆனால் பையான்கள் பலதரப்பட்ட ஆற்றல்களில் பிறக்கின்றன. கற்றையைத் தொட்டியை நோக்கி நேராகக் குறிவைத்தால், 2 ஜி.இ.வி. பையான் 850 எம்.இ.வி. அளவுக்கும், 5 ஜி.இ.வி. பையான் 2,130 எம்.இ.வி. அளவுக்கும் நியூட்ரினோவை அனுப்பும். எல்லாம் கலந்த குழப்பமே கிடைக்கும்.

ஆகவே அவர்கள் வேண்டுமென்றே குறி தவறி எய்கிறார்கள். கற்றையின் நடுக்கோடு தொட்டியிலிருந்து 2.5 பாகை விலகியிருக்கிறது. அந்தக் கோணத்தில் வரும் நியூட்ரினோவின் ஆற்றலை அதே 29.8 கட்டிப்போடுகிறது. 29.8ஐ 2.5 பாகையின் சைன் மதிப்பால் வகுத்தால் 683 எம்.இ.வி.; அதற்கு மேல் எந்தப் பையானாலும் அந்தத் திசையில் நியூட்ரினோவை அனுப்ப முடியாது. கீழேயும் அதிகம் சிதறுவதில்லை. 2 ஜி.இ.வி. பையான் தருவது 614, சுமார் 3.2 ஜி.இ.வி. பையான் தருவது 683, 5 ஜி.இ.வி. பையான் தருவது 620. பையான்கள் வேறுவேறாக இருந்தும் நியூட்ரினோக்கள் ஏறக்குறைய ஒரே ஆற்றலில் வந்து குவிகின்றன. இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டுப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்றும் தீரவில்லை. அமெரிக்காவின் நோவா சோதனையும் இதே உத்தியைக் கையாள்கிறது. அங்கே தொலைவு 810 கிலோமீட்டர், விலகல் 14 மில்லிரேடியன். 29.8ஐ 0.014ஆல் வகுத்துப் பாருங்கள், 2 ஜி.இ.வி.யைச் சற்றுத் தாண்டி வரும். நோவாவின் நியூட்ரினோக்கள் குவிவது அந்த இடத்தில்தான்.

நிற்கும் பையானுக்கும் இன்று வேலை இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் பால் ஷெர்ரர் நிறுவனத்தில் புரோட்டான் கற்றை ஓர் இலக்கின் மேல் மோதிப் பையான்களை உண்டாக்குகிறது. அவற்றில் சில இலக்கின் மேல்தோலுக்கு அருகே நின்றுபோய்ச் சிதைகின்றன. வெளிவரும் மியூவான்கள் எல்லாம் 29.8 எம்.இ.வி. உந்தத்தோடு வருகின்றன. நியூட்ரினோவின் தற்சுழற்சி எப்போதும் ஒரே பக்கமாகத்தான் இருக்கும் என்பதால், அதை ஈடுகட்ட மியூவான்களின் தற்சுழற்சியும் ஒரே பக்கமாக அமைந்துவிடுகிறது. எந்தக் கருவியும் வைத்துச் சீர்ப்படுத்தாமலே, ஒரே வேகத்தில், ஒரே சுழற்சியில் ஒரு மியூவான் கற்றை தயார். காந்தப் பொருள்களுக்குள்ளும் மீக்கடத்திகளுக்குள்ளும் இந்த மியூவான்களைச் செலுத்தி உள்ளே நிலவும் நுண்ணிய காந்தப்புலங்களை அளக்கிறார்கள். கனடாவின் வான்கூவரில் டிரையம்ஃப் ஆய்வகத்திலும் இதே மியூவான்கள் பயன்படுகின்றன.

அதே சுவிஸ் நிறுவனத்தில் 1990களில் இந்த உந்தத்தை மிகத் துல்லியமாக அளந்தார்கள். கிடைத்த மதிப்பு 29.792 எம்.இ.வி. அதில் நிச்சயமின்மை நான்காம் தசம இடத்தில் மட்டுமே. இத்தனை நுட்பம் எதற்கு? மறைந்துபோகும் நியூட்ரினோவுக்குக் கொஞ்சம் நிறை இருந்தால் மியூவானின் உந்தம் அதற்கேற்ப ஒரு பொட்டளவு குறையும். அந்தக் குறைவு தென்படவில்லை. அதிலிருந்து மியூவான் வகை நியூட்ரினோவின் நிறை 0.17 எம்.இ.வி.யைத் தாண்டாது என்று வரம்பு கட்டினார்கள். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவேயில் நடக்கும் கட்ரின் சோதனை இதே தர்க்கத்தை டிரிட்டியத்தின் பீட்டா சிதைவில் கையாள்கிறது. எலக்ட்ரான் ஆற்றலின் உச்சமான 18.6 ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மிக அருகே பரவலின் வடிவத்தைக் கூர்ந்து அளந்து, நியூட்ரினோவின் நிறை 0.45 எலக்ட்ரான் வோல்ட்டுக்குள்தான் இருக்க வேண்டும் என்று 2025இல் அறிவித்தார்கள். எலக்ட்ரானின் நிறையில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. இரண்டு சோதனைகளிலும் நியூட்ரினோவை யாரும் பார்க்கவில்லை. கூடப் பிறந்த துகளை அளந்தே அதன் நிறைக்கு எல்லை போட்டிருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் தேவைப்பட்ட கணிதம் பிளஸ் டூ மாணவர் அறிந்த இயற்கணிதம்தான். நம்ப முடியாவிட்டால் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். மின்னூட்டமுள்ள கேயான் என்றொரு துகள் இருக்கிறது, நிறை 493.68 எம்.இ.வி. அதுவும் பெரும்பாலும் மியூவானும் நியூட்ரினோவுமாகவே சிதைகிறது. பையான் நிறை இருந்த இடத்தில் கேயான் நிறையைப் போட்டு அதே கழித்தலையும் வகுத்தலையும் செய்யுங்கள். 235.5 என்று வந்தால் உங்கள் கணக்கு சரி. நின்ற கேயானிலிருந்து புறப்படும் மியூவானின் உந்தமாகச் சோதனைகளில் அளக்கப்படுவதும் அதே எண்தான்.